“அந்த அக்கா மாதிரி ஆக என்ன படிக்கணும், மிஸ்?”

ஓசூரை அடுத்த சானமாவு காட்டை ஒட்டிய ஊர்களில் கேழ்வரகு முற்றும் காலம் வந்தால் யானைகளும் வந்துவிடும். மாலைக்குள் வீடு திரும்புங்கள் என்று வனத்துறை எச்சரிக்கும். மறுநாள் வருகைப் பதிவேட்டில் அது தெரியும். அதே ஊர்களின் சாலையோரத்தில், அதிகாலையில் தொழிற்சாலைப் பேருந்துக்காகப் பெற்றோர்கள் காத்து நிற்பார்கள். பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுவார்கள். பள்ளியில் தமிழ் படிப்பார்கள். பக்கத்து வரிசை வீடுகளில் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும்.

இப்படிப்பட்ட பகுதியில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் போனால், அதன் காரணம் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியேதான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டதாகப் பேச்சு. தலைமையாசிரியர் 1098-க்கு அழைத்தார். மாவட்டத்திலிருந்து வந்த குழுவில் ஓர் இளம்பெண் இருந்தார். அவர் யாரையும் மிரட்டவில்லை. அந்தத் தாயோடு தெலுங்கில் ஒரு மணி நேரம் பேசினார். பேசியதைவிடக் கேட்டதே அதிகம். மாணவி மீண்டும் வகுப்புக்கு வந்தாள்.

அடுத்த வாரம் +2 மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. செவிலியர் படிப்பு, பாலிடெக்னிக், பி.எட். என்றெல்லாம் வழிகாட்டத் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தேடித் தெரிந்துகொண்டதை நம் எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

சமூக சேவை வேறு, சமூகப்பணி வேறு

நோட்டுப் புத்தகம் வழங்குவதும் அன்னதானம் செய்வதும் சமூக சேவை. மனமிருந்தால் யாரும் செய்யலாம். சமூகப்பணி என்பது பயிற்சி பெற்றுச் செய்யும் தொழில். நான் சொன்ன நிகழ்வையே எடுத்துக்கொள்வோம். திருமணத்தை நிறுத்தும் சட்ட அதிகாரம் 2006 ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலர் அதற்கான தடுப்பு அலுவலராகச் செயல்படுகிறார். ஆனால் திருமணத்தை நிறுத்திய மறுநாள் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? தாய் ஷிப்டுக்குப் போனால் மகளுக்கு யார் துணை? கடனை எப்படி அடைப்பார்கள்? இந்தக் கேள்விகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்து, விடுதிச் சேர்க்கையோ, தகுதியிருந்தால் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவோ, ஆற்றுப்படுத்துநர் உதவியோ கிடைக்க வழிசெய்து, சில மாதங்கள் தொடர்ந்து கவனிப்பதுதான் சமூகப்பணியாளரின் வேலை.

தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்புப் பணி என்று இதற்கு முறைகள் உண்டு. இந்தியாவில் இதை முறையாகக் கற்பிக்கத் தொடங்கிய முதல் நிறுவனம், 1936 இல் மும்பையில் தொடங்கப்பட்ட இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952 இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரி உருவானது.

உரிமம் உண்டா?

யூடியூபில் அமெரிக்கக் காணொலிகளைப் பார்த்துவிட்டு, “லைசென்ஸ் எக்ஸாம் எப்போ?” என்று கேட்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தேர்வு வைத்து உரிமம் வழங்குகிறது. நேரடிச் சிகிச்சைப் பணிக்குப் போக, பட்டத்துக்குப் பிறகும் மூத்தவர் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பணியாற்ற வேண்டும். இங்கிலாந்தில் பதிவு பெறாதவர் தன்னைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது.

நம் நாட்டில் வழக்கறிஞருக்கு இருப்பதுபோல, எல்லாச் சமூகப்பணியாளருக்குமான ஒரே உரிமத் தேர்வு இல்லை. 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் அமர்கிறார்கள். அவர்களுக்கும் சமூகப்பணிப் பட்டத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. குழந்தைகள் சார்ந்த பணியில் ஏழாண்டு அனுபவம் இருந்தாலும் போதும்.

ஆனால் இரண்டு சட்டங்களை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். இதன்படி மனநலச் சமூகப்பணியாளர் என்பவர் சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், அதன் பிறகு மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவர். அவர் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்றைக்கு இந்தியாவில் ‘உரிமம்’ என்பதற்கு மிக நெருங்கியது இதுதான். எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு பொதுவாக நிறுத்திவிட்டது. மனநலச் சமூகப்பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 சேர்க்கை வரை நீட்டிப்பு கொடுத்தது. எனவே விண்ணப்பிக்கும் ஆண்டில் நடைமுறையில் உள்ள அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம்.

இரண்டாவது, 2021 ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் நலப்பணித் தொழிலர் ஆணையச் சட்டம். மருத்துவச் சமூகப்பணியாளர், மனநலச் சமூகப்பணியாளர் உள்ளிட்டோர் இதன் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறார்கள். மாநில மன்றங்கள் வழியாகப் பதிவு என்பதே இச்சட்டத்தின் திசை. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் மாணவர் படிப்பை முடிக்கும்போது, மருத்துவமனைச் சமூகப்பணிக்குப் பதிவு இன்றியமையாததாக இருக்கும் என்று எண்ணித் திட்டமிடுவதே நல்லது.

படிப்பின் பாதை

+2 வில் எந்தப் பாடப்பிரிவு படித்தவரும் இதற்கு வரலாம். இளங்கலையில் பி.எஸ்.டபிள்யூ. சில கல்லூரிகளில் உண்டு. ஆனால் அது கட்டாயமில்லை. தமிழ், வரலாறு, வணிகவியல், கணிதம் என எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரையும் பெரும்பாலான கல்லூரிகள் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் சேர்க்கின்றன. அதன் காலம் இரண்டு ஆண்டு. ஊருக்கு அருகில் உள்ள அரசுக் கல்லூரியில் குறைந்த செலவில் இளங்கலை முடித்துவிட்டு, முதுகலைக்கு மட்டும் வெளியூர் போகலாம் என்பது ஏழை மாணவர்களுக்குப் பெரிய வசதி. இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஐந்து கேள்விகள்

பொதுவான உரிமத் தேர்வு இல்லாததால், ஒருவர் நல்ல சமூகப்பணியாளரா என்பதை அவர் படித்த இரண்டு ஆண்டுகளே தீர்மானிக்கின்றன. அந்த இரண்டு ஆண்டுகளின் உயிர் களப்பணியில் இருக்கிறது. கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காமல், பின்வரும் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்று: வாரத்தில் எத்தனை நாள் களப்பணி? நல்ல கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள் மாணவர்கள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், கிராமம், தொழிற்சாலை என்று அனுப்பப்படுவார்கள். கிராம முகாமும், இறுதியில் ஏறத்தாழ ஒரு மாதத் தொடர் பயிற்சியும் இருக்கும். களப்பணி தாளில் மட்டும் நடக்கும் இடங்களும் உண்டு. அங்கே படிக்கும் மாணவர்களிடம், “போன வாரம் எங்கே போனீர்கள்?” என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டு: களப்பணி அறிக்கையை யார் படிக்கிறார்? மாணவர் எழுதிய அறிக்கையை வாரந்தோறும் பேராசிரியர் படித்து, தனியே உட்கார்ந்து பேச வேண்டும். பி.எட். கற்பித்தல் பயிற்சியில் நம் பாடத்திட்டக் குறிப்பேட்டில் வழிகாட்டி ஆசிரியர் எழுதிய குறிப்புகள் நம்மை எப்படி உருவாக்கின என்று நினைத்துப் பார்த்தால், இதன் முக்கியத்துவம் புரியும்.

மூன்று: என்னென்ன சிறப்புப் பிரிவுகள் உண்டு? சமுதாய மேம்பாடு, மருத்துவம் மற்றும் மனநலம், குடும்பம் மற்றும் குழந்தைகள் நலம், மனித வளம் போன்றவை வழக்கமான பிரிவுகள். ஓசூர்ப் பகுதி மாணவர்கள் தொழிற்சாலை வேலையை எண்ணி மனித வளத்தையே எடுக்க விரும்புவது இயல்பு. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. 2020 ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 250 ஆகக் குறைத்தது. வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மருத்துவமனையிலோ மனநலத் துறையிலோ பணியாற்றும் ஆசை உள்ளவர் மனித வளத்தை எடுத்தால், பின்னால் பாதை மாறுவது கடினம். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, எந்த வேலைக்கு எந்தப் பிரிவு கேட்கிறார்கள் என்று பணி அறிவிப்புகளைப் பார்க்கப் பழக்க வேண்டும்.

நான்கு: உண்மையான மொத்தச் செலவு என்ன? அரசு உதவி பெறும் கல்லூரியிலேயே எம்.எஸ்.டபிள்யூ. சுயநிதிப் பிரிவாக நடக்கலாம். கட்டணத்தோடு விடுதி, களப்பணிக்கான பேருந்துச் செலவு, முகாம் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு.

ஐந்து: பட்டம் செல்லுபடியாகுமா? பல்கலைக்கழகம் மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். தொலைநிலைக் கல்வி என்றால் அந்தப் படிப்புக்குத் தனி அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இக்னோ தொலைநிலையில் எம்.எஸ்.டபிள்யூ. நடத்துகிறது, அதிலும் களப்பணி உண்டு. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு அது உதவும்.

எங்கே படிக்கலாம்?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அருகே திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. திருச்சியில் பிஷப் ஹீபர். மதுரையில் சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவை பல்லாண்டுகளாக இப்படிப்பை நடத்துகின்றன. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், மும்பை டாடா நிறுவனம் போன்றவற்றில் சேர, முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வை (சியூஇடி–பிஜி) எழுத வேண்டும். இதன் அறிவிப்பு இளங்கலை இறுதியாண்டின் நடுவிலேயே வந்துவிடும். தெரியாமல் தவறவிடுபவர்களே அதிகம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு நகருக்குள் நுழையும் ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் அமைந்திருக்கிறது. மனநலச் சமூகப்பணியில் நாட்டின் முதன்மையான பயிற்சி மையங்களுள் அதுவும் ஒன்று. அங்கே சிகிச்சைக்கு வருவோர் கன்னடம், தமிழ், தெலுங்கு எனப் பல மொழி பேசுபவர்கள். நம் எல்லைப்புற மாணவர்கள் ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று கூச்சப்படுவதற்குக் காரணமான அதே மூன்று மொழிகள், இந்தத் தொழிலில் பெரிய பலம். வருந்தும் தாய் தன் மொழியில் பேச முடிந்தால்தான் மனம் திறப்பார்.

மறைக்கக் கூடாத உண்மை

குழந்தைகள் பாதுகாப்பு அலகுப் பணிகள் பலவும் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் அமைந்தவை. தொண்டு நிறுவனங்களில் திட்டம் முடிந்தால் வேலையும் முடியலாம். தினமும் பிறர் துயரத்தைக் கேட்பது மனதைக் களைப்படையச் செய்யும். இதையும் சொல்லித்தான் மாணவரை அனுப்ப வேண்டும். தெரிந்தே வருபவர்தான் நிலைத்து நிற்பார்.

நாம் செய்யக்கூடியவை

‘நான் முதல்வன்’ உயர்கல்வி வழிகாட்டல் வகுப்புகளில் சமூகப்பணியையும் ஒரு வரியாகச் சேர்ப்போம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு அழைப்போம். தன் வேலையைப் பற்றிப் பேசுவதோடு, 1098 எதற்கு என்பதையும் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். சண்டையை விலக்கிவிடும், அழும் தோழியோடு உட்கார்ந்திருக்கும், புதிதாக வந்த ஒடியா மாணவனுக்குக் கைச்சாடையில் கழிப்பறையைக் காட்டும் பிள்ளைகளைக் கவனிப்போம். மதிப்பெண் பட்டியலில் அவர்கள் முதலிடத்தில் இல்லாமல் இருக்கலாம். இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

என்னிடம் கேட்ட மாணவி இப்போது அரசுக் கல்லூரியில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் பேசினாள். ஒரு கல்லூரியை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். “கட்டடம் நல்லா இருக்கு மிஸ். ஆனா போன வாரம் களப்பணிக்கு எங்க போனீங்கன்னு கேட்டேன், ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. வேற காலேஜ் பாக்கறேன்” என்றாள்.