விதைப் புட்டியில் நீல மணிகள்
ஈரம் உறிஞ்சும் மணிகளைப் பராமரிப்பது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் பல விவசாயக் குடும்பங்களிலிருந்து ஒருவராவது காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்கிறார். புது ஷூ வைக்கும் அட்டைப் பெட்டியில் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுவது அவருக்குப் பழகிய காட்சி. பெரும்பாலும் அதற்குள் இருப்பவை ஜவ்வரிசி போன்ற மணிகள். சிலிக்கா ஜெல் என்பது அவற்றின் பெயர். தோல் ஈரம் வாங்கினால் பூஞ்சணம் பூக்கும். கப்பலில் பல வாரம் பயணம் செய்து அயல்நாடு சேரும் காலணிக்கு இந்த மணிகள்தான் காவல்.

அதே காவலை விதைக்கும் வைக்கலாம். ஆனால் மணியைப் பராமரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஈரம் குடித்துத் தீர்ந்த மணி புட்டிக்குள் கிடந்தாலும் கூழாங்கல்லுக்குச் சமம்தான்.

இதனால் அதிகம் பயன் பெறக்கூடியவர்கள் அணைக்கட்டு வட்டாரத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி பயிரிடும் விவசாயிகள். இக்கத்தரிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில் பழுக்க விட்டு எடுத்த விதை, ஆவணி முதல் கார்த்திகை வரை மழைக்காலத்தைத் தாண்டித்தான் மார்கழி, தை நாற்றங்காலுக்கு வந்து சேர வேண்டும். கலப்பின விதை கெட்டால் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். வழிவழியாக வந்த நாட்டு ரகத்தின் விதை முளைக்காமல் போனால் அக்கம்பக்கத்தாரிடம்தான் கேட்க வேண்டும். அவர் வீட்டு விதையும் அதே மழையில்தான் இருந்திருக்கும்.

விதைக்கு எதிரி ஈரம்

திறந்து வைத்த விதை, சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தால் கத்தரி விதையில் சுமார் 6 சதவீத ஈரம் நிற்கும். காற்றில் 60 சதவீதமானால் விதையில் 10 சதவீதத்தை நெருங்கும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தொடும்போது விதையின் ஈரம் 12 சதவீதம் வரை ஏறிவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்துத் துணியில் முடிந்து பரணில் போட்ட விதை முளைக்காமல் போவதற்குக் காரணம் இதுவே. காயவைத்தது வீண் அல்ல. காய்ந்ததைக் காப்பாற்றாததே குறை.

விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது அமெரிக்க விதை அறிஞர் ஹாரிங்டன் வகுத்த எளிய கணக்கு. 14 முதல் 5 சதவீதம் வரையிலான ஈரத்துக்கு இது பொருந்தும். இதன்படி 10 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறக்கினால் ஆயுள் ஏறக்குறைய 16 மடங்காகும். காற்றுப் புகாத கலனில் அடைக்கும் கத்தரி விதையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே விதைச் சான்றளிப்பின் விதியும் ஆகும்.

மணி எப்படி ஈரத்தை இழுக்கிறது?

மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அத்துளைகளின் சுவர்ப்பரப்பை விரித்துப் போட்டால் ஒரு கிராம் மணியில் சுமார் 700 சதுர மீட்டர், அதாவது 17 சென்ட் நிலம் தேறும்! இந்தப் பரப்பில் நீராவி ஒட்டிக்கொள்கிறது. சூடாக்கினால் விட்டுப் போகிறது. ஆகவே ஒரே மணியைப் பலமுறை பயன்படுத்தலாம்.

ஒரு ஏக்கருக்குக் கத்தரி விதை சுமார் 160 கிராம் போதும். அதை 10 சதவீத ஈரத்திலிருந்து 6 சதவீதத்துக்குக் கொண்டுவர வெளியேற வேண்டிய நீர் 7 கிராம்தான். ஒன்றரைத் தேக்கரண்டி கூட இல்லை. இதற்கு விதையின் எடையில் பாதி, அதாவது 80 கிராம் மணி தாராளம்.

விதையை முதலில் நிழலிலும் பிறகு காலை இளவெயிலிலும் இரண்டு மூன்று நாள் நன்கு உலர்த்த வேண்டும். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் கொட்டக் கூடாது. ஈர விதையைக் காற்றுப் புகாமல் அடைப்பது, துணி முடிப்பில் வைப்பதைவிடக் கெடுதல். விதை புழுங்கி அழுகும். மணி அந்த அளவு நீரைத் தாங்காது.

மணிகளை மெல்லிய துணிப்பையில் கட்டி, இறுக்கமாக மூடும் கண்ணாடிப் புட்டியின் அடியில் வைத்து, மேலே விதைப்பையை வைத்து மூட வேண்டும். மூடியின் விளிம்பில் மெழுகு உருக்கி ஊற்றுவது நல்லது. பிளாஸ்டிக் பையை நம்ப வேண்டாம். புட்டியைத் திறக்கும்போதெல்லாம் மழைக்காற்று உள்ளே போகும் என்பதால் விதையை இரண்டு மூன்று சிறு புட்டிகளாகப் பிரித்து வைப்பது புத்திசாலித்தனம்.

நிறம் சொல்லும் சேதி

வெள்ளை மணிகளோடு நிறம் மாறும் மணிகள் பத்துப் பதினைந்தைத் தனியே சிறு துணியில் முடிந்து, வெளியிலிருந்து தெரியும்படி புட்டியின் ஓரமாக வைக்க வேண்டும். நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு நிற மணி பச்சையாகும். மூடிய ஓரிரு நாளிலேயே நிறம் மாறினால் விதை சரியாகக் காயவில்லை என்று பொருள். மாதங்கள் கழித்து மாறினால் மூடி கசிகிறது, அல்லது மணி நிறைந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் புட்டிக்குள் இருப்பதைத் திறக்காமலே அறிய இதைவிட மலிவான கருவி கிடையாது.

நிற மணி கிடைக்காதவர்கள் தராசை நம்பலாம். உலர்ந்த 80 கிராம் மணி 90 கிராமைத் தொட்டால் எடுத்து உலர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நீல மணியில் உள்ள கோபால்ட் உப்பு உடலுக்குத் தீங்கானது. அதன் தூசியை முகரக் கூடாது; குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஆரஞ்சு மணி கிடைத்தால் அதையே வாங்குவது மேல்.

மணியை உலர்த்தும் முறை

மணியைத் துணியிலிருந்து அவிழ்த்து, சமையலுக்குப் பயன்படாத பழைய இரும்புச் சட்டியில் ஒரு அடுக்காகப் பரப்பி, வெளிமுற்றத்தில் சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்க வேண்டும். பழைய நிறம் திரும்பியதும் இறக்கிவிடலாம். 120 டிகிரி செல்சியஸுக்கு அதிகம் மேலே போகக் கூடாது. அடுப்பை ஏற்றிவிட்டுப் போனால் நிற மணி கருகி, பிறகு எதையும் காட்டாது. அதைவிடப் பலர் தவறவிடுவது ஆறவைக்கும் கட்டத்தைத்தான். சட்டியைத் திறந்து போட்டு ஆறவைத்தால் மணி மறுபடி காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். சூடாக இருக்கும்போதே மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடி, முழுவதும் ஆறிய பிறகே விதைப் புட்டிக்கு மாற்ற வேண்டும். சூட்டோடு போட்டால் விதை வெந்துபோகும்.

சித்திரை வெயிலில் காயவைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவு காயும்; முழுதாகக் காயாது. மழை மாதத்தில் அந்த அளவும் நடவாது.

மேல்நாடுகளில் சுருட்டு வைக்கும் பெட்டியிலும் இத்தகைய மணிகளைப் போடுவார்கள். அங்கே வேலை வேறு. சுருட்டு காய்ந்து நொறுங்காமல், காற்றின் ஈரத்தை 65 முதல் 70 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். அதற்கெனப் பதப்படுத்திய அம்மணிகளுக்குக் காய்ச்சி வடித்த நீரை அளவாகத் தெளிப்பது உண்டு. விதைப் புட்டியின் மணியில் நீர் படவே கூடாது. படபடவென்று வெடித்து உடைந்துவிடும்.

காலணிப் பெட்டிப் பொட்டலங்களைச் சேர்த்து விதைக்குப் பயன்படுத்தும் யோசனை சிலருக்கு வரும். அது வேண்டாம். உள்ளே இருப்பது களிமண்ணா, வேறு உப்பா என்று தெரியாது. சில நாடுகளில் பூஞ்சணம் தடுக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மருந்தைப் பொட்டலத்தில் வைத்து, பலருக்குத் தோல் புண்ணானதால் ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அதற்குத் தடை விதித்தது. ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில் மணியாகவே வாங்கிக்கொள்ளலாம்.

விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு 100 விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வைத்து, 14ஆம் நாள் முளைத்ததை எண்ண வேண்டும். 70க்குக் குறையாவிட்டால் கவலை இல்லை. குறைந்தால் அதற்கேற்ப விதையைக் கூட்டிப் போடவோ வேறு விதை தேடவோ அவகாசம் இருக்கும்.

நிலக்கடலைக்கு இம்முறை கட்டுப்படியாகாது. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேண்டும்போது மணியும் கிலோக்கணக்கில் வேண்டியிருக்கும். அதற்குக் கால்சியம் குளோரைடை வாயில் துணி கட்டிய டப்பாவில் போட்டு, பாலிதீன் உறையிட்ட சாக்கில் காயோடு வைக்கும் முறை உள்ளது. இந்த உப்பு ஈரம் குடித்துத் தானே நீராகிவிடும். அந்த நீர் கடலையில் சிந்தாதபடி டப்பா நிமிர்ந்து நிற்க வேண்டும். அளவு விவரங்களை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.