சைலன்சரில் தித்திப்பு வாடை வந்தால்

பெட்ரோல் எரிந்தால் ஒரு நெடி வரும், டீசல் எரிந்தால் இன்னொரு நெடி வரும். இரண்டுமே தித்திக்காது. ஆகவே காரின் சைலன்சர் பக்கம் தித்திப்பாக ஒரு வாடை வந்தால், எரியக் கூடாத ஏதோ ஒன்று இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது கூலன்ட். எப்படி அங்கே போனது என்று, டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

கூலன்டில் பாதி தண்ணீர், மீதி பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம். இனிப்பு அதனுடையது. இன்ஜினைச் சுற்றியுள்ள குடைவுகளில் இந்தக் கலவை ஓடி, சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றிவிட்டுத் திரும்புகிறது. வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரி தாண்டித்தான் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி செய்வதும் குக்கர் வெயிட்டின் வேலைதான். குக்கர் மூடியில் ரப்பர் கேஸ்கட் இருக்கிறதே, அதுபோல இன்ஜினின் கீழ்ப்பகுதிக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதுதான் ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, ஆயில், கூலன்ட் மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைப்பது அது.

இன்ஜின் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானால் போதும், அலுமினிய ஹெட் லேசாக வளைந்துவிடும். கேஸ்கட் ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் உள்ளே அழுத்தம் இருப்பதால், கூலன்ட் மெல்லச் சிலிண்டருக்குள் கசியும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது அது ஆவியாகி, அடர்ந்த வெண்புகையாகத் தித்திப்பு வாடையோடு வெளியேறும். கசிவு அதிகமாகிச் சிலிண்டரில் தேங்கிவிட்டால் இன்னும் ஆபத்து. நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஸ்டார்ட் செய்த நொடியில் கனெக்டிங் ராடே வளைந்துபோகலாம்.

அதற்காக வெண்புகை எல்லாம் வியாதி அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. மார்கழிக் காலையில் அது ஆவியாகத் தெரியும், வண்டி சூடானதும் மறைந்துவிடும். மறையாமல் தொடர்ந்து வருவதும், அதில் வாடை இருப்பதும்தான் கவனிக்க வேண்டியவை.

இனி, கிட்டத்தட்ட எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடத்துக்கு வருவோம். "கூலன்ட் குறையுதா? தண்ணி ஊத்திக்கலாம்" என்கிறோம். பெட்ரோல்போலச் செலவாகும் பொருள் என்று கூலன்டை நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மூடிய பாதையில் திரும்பத் திரும்பச் சுற்றுவது. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். கீழே தரையில் ஈரம் இல்லையென்றால் அது இன்ஜினுக்குள் போகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஊற்றுகிற தண்ணீரும் லேசுப்பட்டதல்ல. எங்கள் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம். அன்றைய கடலுயிர்களின் ஓடுகள் இன்றும் இங்கே மண்ணில் கிடைக்கின்றன. சிமென்ட் ஆலைகள் இங்கே வந்ததற்குக் காரணமே அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான். அந்தக் கல்லின் வழியே ஊறிவரும் போர் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். சூடு பட்டதும் அது உப்பாகப் படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் சித்திரை வெயிலில் ஏசி போட்டு ஓடும் வண்டிக்கு அந்த அடைப்பே போதும்: சூடு ஏறும், ஹெட் வளையும், கேஸ்கட் போகும். குறைந்ததற்கு மருந்தாக ஊற்றிய தண்ணீரே நோயை முற்ற வைக்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க, முதலில் இன்ஜின் முழுக்க ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறியபின் அளவைப் பாருங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் வெளிறிக் குழைந்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தாற்போலச் சுத்தமாக இருந்தால், கசிவு அந்தச் சிலிண்டரில். பட்டறையில் ஒரு நீலத் திரவச் சோதனையும் உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து இன்ஜினை ஓட்டும்போது திரவம் மஞ்சளானால், எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது என்பது உறுதி. டீசல் வண்டியில் மட்டும் அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஈஜிஆர் கூலர் என்ற பாகம் விரிசல் விட்டாலும் இதே புகை, இதே வாடை வரும். முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேஸ்கட்தான் என்று உறுதியானால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். புதுக் கேஸ்கட் மட்டும் போட்டு மூடுவது வீண் செலவு. வளைந்த ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, விரிசல் பார்த்து, பரப்பைச் சமப்படுத்தும் ஃபேசிங் செய்யச் சொல்லுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, கம்பெனி சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்கே முடுக்க வேண்டும். பல வண்டிகளில் பழைய போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. ஒழுகலை அடைக்கும் பொடியும் திரவமும் கடையில் கிடைக்கும்தான். அவை ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கக்கூடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடு ஏறியதன் மூலக் காரணத்தையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள். இல்லையென்றால் புதுக் கேஸ்கட்டும் போய்விடும். கடைசியில் கம்பெனி சொல்லும் கூலன்டை, டிஸ்டில்டு வாட்டர் கலந்து நிரப்புங்கள்.

வடித்தெடுத்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தெருவிலோ கொட்டவிடாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாய் நக்கும், குழந்தை வாயில் வைக்கும். உடம்புக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து. மீதமுள்ள கேனை மூடி இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.