உங்களுக்குத் தெரியுமா? – இன்ஜினுக்குள் ஒரு மெழுகு வால்வு

ரேடியேட்டரைத் தெரியும், ஃபேனைத் தெரியும், வாட்டர் பம்ப்பும் தெரியும். இவற்றுக்கு நடுவே ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைப் பற்றித்தான் இந்த முறை.

★ பெரும்பாலான வண்டிகளில் இந்த வால்வுக்கு மின்சாரமும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. பித்தளைக் குப்பி ஒன்றில் அடைத்து வைத்த மெழுகுதான் எல்லா வேலையையும் செய்கிறது. மெழுகு உருகும்போது அதன் பருமன் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடும். குப்பிக்குள் இடம் போதாமல், நடுவில் இருக்கும் சிறு தண்டை அது வெளியே தள்ளும். தண்டின் மறுமுனை சட்டத்தில் முட்டி நிற்பதால் குப்பியே பின்னால் நகர்ந்து, ஸ்பிரிங்கை அழுத்தி, வால்வைத் திறந்துவிடும். தண்ணீர் ஆறினால் மெழுகு இறுகும், ஸ்பிரிங் மூடிவிடும். மெழுகுக்குள் சூடு சீக்கிரம் பரவாது என்பதால் அதில் செம்புத் தூளைக் கலந்து அடைப்பார்கள்.

★ இந்த மெழுகு முறையை 1930-களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னெட். அதே உத்தியில்தான் இன்றைக்குக் குளியலறையில் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் தானியங்கிக் குழாய்களும் இயங்குகின்றன.

★ அதற்கு முன்பு? 1914-இல் வெளிவந்த கேடிலாக் வி-8 காரிலேயே தெர்மோஸ்டாட் இருந்தது. அந்தக் காலத்து வால்வுகளில் பலவற்றில் மெழுகுக்குப் பதில் துருத்தி போன்ற உலோக மடிப்புக் குழாய் இருக்கும். உள்ளே ஆல்கஹால் மாதிரி சட்டென்று ஆவியாகும் திரவம். ரேடியேட்டருக்கு அழுத்த மூடி வந்ததும் இந்தத் துருத்திக்குச் சிக்கல் வந்தது. வெளியே உள்ள அழுத்தம் அதை நெருக்கியதால் திறக்கும் சூடு மாறிப்போனது. மெழுகை அழுத்தம் அசைக்காது. மெழுகு வென்றதற்கு அதுவே பெரிய காரணம்.

ஆனால் துருத்தியிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஓட்டை விழுந்தால் அது விரிந்து, வால்வு திறந்தபடியே நின்றுவிடும், வண்டி கொதிக்காது. மெழுகு கசிந்தால் வால்வு மூடியபடி நின்றுவிடும். சில நிமிடங்களில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும்.

★ ஃபோர்டு மாடல் டி காரில் தெர்மோஸ்டாட்டும் இல்லை. முதல் 2,500 கார்கள் போக மற்றவற்றில் வாட்டர் பம்ப்பும் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும் என்ற ஒரே விதியை நம்பி லட்சக்கணக்கான வண்டிகள் ஓடின.

★ ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! இன்ஜின் சூடாக இருக்கும்போது அது ஆவியாகவே சைலன்சர் வழியே போய்விடும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் அந்த ஆவி சிலிண்டர் சுவரில் படிந்து, எரிந்த புகையில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். மிச்சம் ஆயிலில் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் போல ஒரு படலம் ஒட்டியிருப்பதைச் சில வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று பயப்படுவதற்கு முன், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் இன்ஜினைக் கொதிக்காமல் காப்பதற்கு மட்டும் இல்லை. சீக்கிரம் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே நிறுத்தி வைப்பதுதான் அதன் முதல் வேலை.

★ "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? கழட்டிப் போட்டுடலாம்." தமிழ்நாட்டு வொர்க்‌ஷாப்புகளில் காலங்காலமாகக் கேட்கிற பேச்சு இது. சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அது தவறான வைத்தியம்.

இன்றைய இன்ஜின்களில் பலவற்றில் தண்ணீருக்கு இரண்டு பாதைகள். ஒன்று ரேடியேட்டர் வழியாக. மற்றொன்று ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே திரும்பிவிடும் பைபாஸ். வால்வின் அடியில் இன்னொரு சிறு தட்டு தெரியும். மேல் தட்டு திறக்கத் திறக்க, இந்த அடித் தட்டு இறங்கி பைபாஸை மூடும். வால்வையே கழற்றிவிட்டால் பைபாஸை மூட ஆளில்லை. சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டவுனுக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. முழு லோடோடு மலை ஏறும்போதுதான் முள் ஏறத் தொடங்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய வால்வே சூட்டுக்குக் காரணமாகிவிடும்.

"வால்வு இல்லாட்டி தண்ணி வேகமா ஓடிடும், ரேடியேட்டர்ல ஆற நேரம் இருக்காது" என்று சிலர் விளக்கம் தருவார்கள். அதுவும் சரியில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு சுற்றில் குறைவாக ஆறினாலும் அத்தனை முறை அதிகமாகச் சுற்றுகிறது. உண்மைக் காரணம் அந்தப் பைபாஸ்தான். இன்னொன்றும் உண்டு: வால்வு தரும் தடையால் இன்ஜினுக்குள் தண்ணீரின் அழுத்தம் கொஞ்சம் கூடி, எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள கடும் சூட்டிடங்களில் நீர்க்குமிழி கிளம்புவதைத் தடுக்கிறது. கழற்றினால் அதுவும் போச்சு.

★ மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் குப்பி ரேடியேட்டர் பக்கத்து ஆறிய தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். உள்ளே இன்ஜின் கொதிக்கும். மெழுகுக்குச் செய்தியே போகாது. புது வால்வு போட்டும் வண்டி கொதிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

★ வால்வின் விளிம்பில் ஒரு சிறு துளையும், அதற்குள் தொளதொளவென்று ஆடும் ஒரு குட்டிப் பின்னும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உடைந்து தொங்குகிறது என்று எண்ணிப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. கூலன்ட் ஊற்றும்போது உள்ளே சிக்கிய காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பின் போய் துளையை அடைத்துக்கொள்ளும்.

வால்வு செங்குத்தாக நிற்கிற இன்ஜினில் இந்தப் பின் உச்சியில், கடிகாரத்தின் 12 மணி இடத்தில் இருக்க வேண்டும். காற்று மேலேதான் சேரும் என்பதால். பின் கீழே போய்விட்டால் காற்று அடைபட்டு, மெழுகுக் குப்பி தண்ணீரில் இல்லாமல் காற்றில் தொங்கும். காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. வால்வு தாமதமாகத் திறக்கும். படுத்தவாக்கில் வைக்கும் வால்வுகளில் இந்தப் பின் எந்தத் திசையில் இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. இந்தப் பின் இல்லாத வால்வாக இருந்தால், காற்றை வெளியேற்றத் தனி ஸ்க்ரூ ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள்.

★ வால்வு உட்காரும் இடத்தில், விளிம்பின் கனத்துக்கு ஒரு பள்ளம் கடைந்திருப்பார்கள். மூடியை வைக்கும்போது வால்வு அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு மயிரிழை நழுவினாலும் போதும்: போல்ட்டை இறுக்க இறுக்க ஒரு பக்கம் உட்காரும், மறு பக்கம் தூக்கும், கடைசியில் 'டப்' என்று மூடியின் காது உடையும். அலுமினிய மூடியானாலும் பிளாஸ்டிக் மூடியானாலும் இதே கதிதான். நல்ல மெக்கானிக் பழைய கேஸ்கெட் பிசிறைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, வால்வை வைத்து, மூடியை முதலில் கையால் அழுத்திப் பார்ப்பார். ஆடாமல் பட்டையாக உட்கார்ந்தால்தான் ஸ்பேனரைத் தொடுவார். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்குவார். 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன்-மீட்டர் இறுக்கமே போதும்; முழங்கை பலம் தேவையில்லை.

★ ரப்பர் வளையம் உள்ள வால்வுக்குக் கேஸ்கெட் பேஸ்ட் வேண்டாம். பிதுங்கி உள்ளே போன பேஸ்ட் உலர்ந்து, உதிர்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில்தான் போய் அடைக்கும்.

★ எல்லா இன்ஜினிலும் வால்வு ஒரே இடத்தில் இருக்காது. பழைய வடிவமைப்புகளில் இன்ஜினின் மேலே, சூடான தண்ணீர் வெளியேறும் வாயில் இருக்கும். டொயோட்டா போன்ற ஜப்பானிய இன்ஜின்கள் பலவற்றில் கீழே, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் வாயில் இருக்கும். ஆறிய தண்ணீரும் பைபாஸ் தண்ணீரும் கலந்து உள்ளே போகும் இடம் அது. அங்கேயே அளந்து விடுவதால் இன்ஜினுக்குள் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பாயாது. சூடும் அதிகம் ஏறி இறங்காது.

கையால் தொட்டுப் பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். மேலே வால்வு உள்ள வண்டியில், ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸ் சில நிமிடங்களுக்கு ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். கீழே வால்வு உள்ள வண்டியில் கீழ் ஹோஸைக் கவனிக்க வேண்டும். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றும். கை பத்திரம்.

★ 82 என்று பொறித்த வால்வு 82 டிகிரியில் முழுதாகத் திறந்துவிடாது. அப்போதுதான் திறக்கவே ஆரம்பிக்கும். முழுதாகத் திறக்க 95 டிகிரி வாக்கில் ஆகும்.

★ வால்வு நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். விளிம்பில் ஒரு நூலைக் கொடுத்து வால்வு அதைக் கவ்விக்கொள்ளும்படி செய்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. அடிப்பக்கம் தண்ணீரைவிட அதிகமாகச் சுடும். பக்கத்தில் ஒரு வெப்பமானி. அடுப்பை மெதுவாக எரியவிடுங்கள். எந்தச் சூட்டில் வால்வு நூலை விட்டுக் கீழே விழுகிறதோ, அதுதான் திறக்கும் சூடு. பொறித்த எண்ணிலிருந்து இரண்டு மூன்று டிகிரி தள்ளியிருந்தால் பரவாயில்லை. பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு, இடைவெளி இல்லாமல் மூடுகிறதா என்றும் பாருங்கள். புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன் இப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

★ இந்தச் சோதனையை ஊட்டியில் முழுதாகச் செய்ய முடியாது! கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வால்வு முழுதாகத் திறக்கும் சூட்டுக்கு அது எட்டாது.

வண்டியில் இதே சிக்கல் வராமல் காப்பது ரேடியேட்டர் மூடி. கூடுதலாக ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, சமவெளியில் வெறும் தண்ணீரின் கொதிநிலையையே 120 டிகிரிக்கு உயர்த்திவிடும். மூடியின் ரப்பர் போய்விட்ட வண்டி மலை ஏறினால், வால்வு முழுதாகத் திறக்கும் முன்பே கூலன்ட் கொதித்து வழியும். பழி வால்வின் மேல் விழும். மலைப்பயணத்துக்கு முன் வால்வைச் சோதிக்கிறவர்கள் மூடியையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

★ போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது நம் ஊரில் சாதாரணம். அதில் உள்ள உப்பு, சூட்டில் வெள்ளைப் படிவாக ஒட்டும். மெழுகுக் குப்பியின் மேல் படிந்தால் வால்வு தாமதமாகத் திறக்கும். தண்டில் படிந்தால் சிக்கிக்கொள்ளும். பல வால்வுகளின் ஆயுளை முடிப்பது மெழுகு இல்லை, இந்தத் தண்ணீர்தான். கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் கையேடு சொல்கிற விகிதத்தில் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு ஹெட் கேஸ்கெட் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

★ காற்றால் ஆறும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரிலும் தெர்மோஸ்டாட் உண்டு. சிலிண்டர்களுக்கு அடியில் ஒரு துருத்தி. சூடேறினால் விரிந்து, காற்றுப் பாதையின் கதவுகளைத் திறக்கும்.

★ கப்பல் இன்ஜின்களிலும் பெரிய ஜெனரேட்டர்களிலும் மூன்று வாய் கொண்ட பெரிய தெர்மோஸ்டாட் வால்வுகள் இருக்கும். ஒரு வாய் பொதுவானது, ஒன்று பைபாஸுக்கு, ஒன்று கூலருக்கு. எந்தக் குழாய் எந்த வாய்க்கு என்பதை வால்வின் உடம்பிலேயே எழுத்தாகப் பொறித்திருப்பார்கள். இரண்டை மாற்றி இணைத்தால் குளிர்ந்தபோது கூலருக்கும் கொதிக்கும்போது பைபாஸுக்கும் தண்ணீர் போகும்.

★ வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால் முள் சிவப்புக்குப் போகாது. அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டு கூடுதலாக எரிபொருளை விடும். மைலேஜ் குறையும். ஸ்கேனரில் பி0128 என்ற எண் வந்தால், கூலன்ட் உரிய சூட்டை எட்டவில்லை என்று பொருள். பெரும்பாலும் வால்வுதான் காரணம்.

★ புது வால்வு மாட்டியதும் வண்டியை உடனே எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ஐட்லிங்கில் ஓடவிட்டு, வால்வு திறக்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். திறந்த நொடியில் மட்டம் சட்டென்று இறங்கும். அதை நிரப்பினால்தான் வேலை முடிந்தது. மறுநாள் காலை, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மட்டத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம்.

★ கடைக்குப் போகும்போது "கார் தெர்மோஸ்டாட் ஒண்ணு கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே அளவில், ஒரே தோற்றத்தில் 76, 82, 88 டிகிரி வால்வுகள் கிடைக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையும், புது வால்வில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்.