மணிக்கயிறு யார் கையில்?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை எட்டரை மணி இருக்கும். மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள கடற்கரைக் குப்பம் ஒன்றில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். குப்பத்தின் பெயர் இங்கே வேண்டாம். திடீரென்று மாதா கோயில் மணி அடித்தது. அது பூசை வேளையும் அன்று, மூவேளை செபத்துக்குரிய நேரமும் அன்று. ஓர் ஒழுங்கும் இல்லாமல் மணி தடதடவென்று அடித்தது. அடுத்த நிமிடம் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். விடியுமுன் வலையோடு போன ஆண்களில் பாதிப் பேர் இன்னும் கரை திரும்பவில்லை. "யாருடா? எந்தப் படகுடா?" என்று கேட்டுக்கொண்டே அத்தையும் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

கோயில் முற்றத்தில் மணிக்கயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு வெளிநாட்டுப் பயணிகள். பக்கத்தில் ஒரு சிறுவன் நின்றான். அவன் கையில் நூறு ரூபாய்த் தாள் இருந்தது. அத்தைக்கு மூச்சு வாங்குவது அடங்கக் கால் மணி நேரமாயிற்று.

அந்தப் பயணிகளைத் திட்டுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. அவர்கள் நாட்டில் பணம் கொடுத்து மணியடிப்பது வழக்கத்தில் உள்ள ஒரு பொழுதுபோக்கு என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். படித்தபோது கிடைத்த செய்திகள் சுவையானவை. அவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் ஊர்க் கோயில்களில் மணி பெரும்பாலும் அசையாமல் தொங்கும், அல்லது சிறிதளவே ஆடும். கயிற்றை இழுத்தால் நாக்கு மோதி ஒலி எழும். இங்கிலாந்தின் முறை வேறு. அங்கே மணியை ஒரு முழுச் சக்கரத்தோடு பிணைத்திருப்பார்கள். அடிக்கத் தொடங்குமுன் மணியை ஆட்டி ஆட்டி, வாய் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாக நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒவ்வோர் இழுப்புக்கும் மணி ஒரு முழு வட்டம் சுற்றி மீண்டும் தலைகீழாக வந்து நிற்கும். ஒரு சுற்றுக்கு ஓர் ஒலி. இதனால் அடுத்த ஒலி எப்போது விழவேண்டும் என்பதை அடிப்பவர் சிறிது முன்பின்னாகத் தள்ளி வைக்க முடிகிறது. பல நூறு கிலோ எடையுள்ள மணியை ஒரு சிறு பெண்கூட ஆளலாம். வேண்டியது வலிமையன்று, காலக் கணக்குதான்.

காலம் கையில் வந்தபின் கணக்கு தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். 1668இல் இதற்கென்று அச்சு நூலே வெளிவந்துவிட்டது. அங்கே பாட்டு வாசிப்பதில்லை. மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றி மாற்றி, ஒருமுறை வந்த வரிசை மறுபடி வராமல் அடிக்கவேண்டும். நம் கணிதத் துறை நண்பர்களுக்கு இது வரிசைமாற்றம் என்று உடனே விளங்கும். ஐந்து மணிகளுக்கு 120 வரிசைகள், ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040, எட்டுக்கு 40,320. இந்த 40,320 வரிசைகளையும் 1963ஆம் ஆண்டு ஜூலையில் லஃப்பரோ நகரத்து மணி வார்ப்பகத்தில் எட்டுப் பேர் ஆள் மாறாமல், கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரத்தில் அடித்து முடித்தார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு மணிகளானால் வரிசைகள் நாற்பத்தேழு கோடியைத் தாண்டும். இரவு பகலாக அடித்தாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதைச் சுற்றுலாப் பயணிக்கு எப்படிக் கொடுப்பது? சில கோபுரங்களில் ஒரு மணி நேர அறிமுகம் தருகிறார்கள். கயிற்றில் வண்ணக் கம்பளி நூல் சுற்றிய பிடி ஒன்று உண்டு. பயிற்சியாளர் உடன் நின்று வழிகாட்ட, புதியவர் அதைப் பிடித்து இழுப்பார். தனியே ஆளக் கற்பதற்கு ஒரு மணி நேரம் போதாது, வாரக்கணக்கில் பழகவேண்டும். தலைகீழாக நிற்கும் மணியைத் தாங்க ஒரு மரக்கட்டை உண்டு. பழகாதவர் வெறியோடு இழுத்தால் அது முறிந்து, கயிறு மேலே பாயும். கையை விடாதவர் கயிற்றோடு போய்க் கூரையை முட்ட நேரும். எனவே காசு வாங்கினாலும் கயிற்றை முழுவதும் கொடுத்துவிடுவதில்லை.

இன்னொரு ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புதியவர் பழகும்போது மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறார்கள். மணி சுற்றும், ஆனால் ஒலிக்காது. கணிப்பொறி அந்த அசைவை அறிந்து அறைக்குள் மட்டும் கேட்கும்படி ஒலி எழுப்பும். வூஸ்டர் பேராலயத்தில் இதற்கென்றே பயிற்சி மணிகள் உள்ளன. கற்பவருக்கு அனுபவம் கிடைக்கிறது, ஊருக்குத் தொல்லை இல்லை.

மணி என்றால் செய்தி என்பதை அந்நாட்டாரும் அறியாதவர் அல்லர். இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூனில், இங்கிலாந்தின் தேவாலய மணிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. பகைவர் வந்திறங்கினால் மட்டுமே அடிக்கலாம் என்பது ஆணை. 1942 நவம்பரில் எல் அலமைன் வெற்றிக்காக ஒரு ஞாயிறு அடிக்க விட்டார்கள். 1943இல்தான் தடை நீங்கியது. அந்த மூன்றாண்டுகளில் எவனாவது விளையாட்டாகக் கயிற்றை இழுத்திருந்தால் அவன் பாடு என்னவாகியிருக்கும்!

உருசிய நாட்டில் வேறொரு வழக்கம். உயிர்த்தெழுதல் திருநாளை அடுத்த வாரத்தில் யார் வேண்டுமானாலும் மணிக்கோபுரம் ஏறி அடிக்கலாம், காசு கிடையாது. அந்த வாரம் அடிப்பது மகிழ்ச்சிக்காக என்பது ஊர் முழுவதற்கும் தெரியும், ஆகவே யாரும் பதறுவதில்லை. கைகளால் மணியடிக்கும் ஸ்பெயின் நாட்டு மரபை 2022இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எந்த அடிக்கு எந்தப் பொருள் என்ற ஊர் அறிவும் அம்மரபில் அடங்கும்.

ஆங்கில முறைச் சக்கர மணிகள் இந்தியாவிலும் உண்டு. மும்பை கொலாபாவில், முதல் ஆப்கானியப் போரில் மாண்டவர் நினைவாக எழுந்த ஆப்கன் தேவாலயத்தில் எட்டு மணிகள். புனே பஞ்ச ஹௌத் தேவாலயத்தில் எட்டு மணிகள். நம் செங்கற்பட்டுப் பக்கம் அவ்வகை மணிகளை நான் கண்டதில்லை. நம்முடையவை எளிய மணிகள். கோவளத்தை எடுத்துக்கொள்வோம். 1752இல் கிளைவ் கைப்பற்றிய கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர விடுதி இருக்கிறது. 1808இல் ஜான் டி மாண்டி என்னும் வணிகர் கட்டிய கார்மேல் மாதா கோயில் மீனவர் நடுவே நிற்கிறது. விடுதிக்கும் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம். மேனாட்டுப் பயணியும் மணிக்கயிறும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கரை இது. ஆகவே "கட்டணம் வாங்கிக்கொண்டு அடிக்க விடலாமே, கோயில் பராமரிப்புக்கு ஆகும்" என்ற யோசனை இக்கரையில் எந்தக் கோயிலிலும் என்றாவது ஒரு நாள் எழத்தான் செய்யும்.

எளிய மணி என்றேன். அதன் மொழி எளிதன்று. காலை, நண்பகல், மாலை மும்மூன்றாக விழும் அடி செபத்துக்கு. பூசைக்கு முன் ஒரு தொடர் அடி. துக்கத்துக்கு இடைவெளி விட்டு விழும் தனி அடி. உபதேசியார் கயிற்றைத் தொட்ட கணமே எதற்கென்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள். இந்த மொழியில் பொருளற்ற சொல்லுக்கு இடமில்லை. ஆகவேதான் அன்று அத்தை ஓடினார். மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணியை யாரும் அடிக்கலாம், பசுவும் அடித்தது. ஆனால் அதை வேடிக்கைக்கு அடிக்கக் கட்டணம் வைத்திருந்தால், பசு அடித்த அன்று அரசன் எழுந்து வந்திருப்பானா?

இதற்காகப் பயணிகளிடம் எதையுமே விற்கக்கூடாது என்பேனா? மாட்டேன். விற்றுத்தான் இக்கரை பிழைக்கிறது. 1957 முதல் சிற்பக் கல்லூரி நடக்கும் மாமல்லபுரத்தில் உளியைப் பிடித்துப் பார்க்க விரும்பும் பயணிக்குக் கற்றுத்தரும் பட்டறைகள் உண்டு. அவர் உடைப்பது ஒரு கல். யாரும் பதற மாட்டார்கள். 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில் குயவர் சக்கரத்தில் கை வைத்துப் பார்க்கலாம். கோவளத்தில் மீனவ இளைஞர்கள் கட்டணம் பெற்று அலைச்சறுக்குக் கற்பிக்கிறார்கள். கடலறிவு அப்படியும் சோறு போடுகிறது. இதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இவற்றுள் மணிக்கு மிக நெருங்கிய உதாரணம் வடநெம்மேலி. பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றபின் இருளர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. 1978இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவது அவர்கள் முறை. அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து. நஞ்செடுப்பதைப் பயணிகள் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் ஏற்பாடும் அங்கே செய்யப்பட்டது. அங்கே யாரும் பயணியின் கையில் பாம்பைக் கொடுக்கவில்லை. வேலை இருளருடையது, பயணி சுவருக்கு இப்பால் நின்று பார்ப்பவர். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது நம் மாவட்டத்துக்கே பெருமை.

மணிக்கும் அப்படிச் செய்யலாமே என்பது என் எண்ணம். உபதேசியார் உரிய நேரத்தில் அடிக்கட்டும். பயணி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எந்த அடிக்கு என்ன பொருள் என்று அவரே சொல்லட்டும். அதற்குக் கட்டணம் வாங்கட்டும், அதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். தொட்டே தீரவேண்டும் என்பவருக்கு நாக்கைக் கட்டிய சிறு மணி ஒன்று தனியே இருக்கலாம். என் வகுப்புத் தோழன் ஒருவன் இதை ஏற்கவில்லை. "திருவிழா நாளில் விடலாமே, உருசியாவில் போல" என்கிறான். அதுவும் சரியாகத்தான் படுகிறது. குப்பத்துப் பஞ்சாயத்தார் கூடிச் சொல்லவேண்டியது அது.

இப்போது அந்தக் குப்பத்தில் கயிற்றை ஆள் உயரத்துக்கு மேலே சுருட்டிக் கட்டியிருக்கிறார்கள். உபதேசியார் முக்காலி போட்டு ஏறித்தான் அவிழ்க்கிறார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். ஏறுவதற்கு அந்தச் சிறுவனே முக்காலியைப் பிடித்துக்கொள்கிறான்.