கிழிசலைத் தேடிய வைத்தியர்

கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிற முதியவர்களில் பெரும்பாலோருக்கு அஞ்சத்தக்க வியாதி எதுவும் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பூச்சிகள் ஒரே நாளில் திரளாகப் பெருகி, இருட்டில் கண்ணை அசைக்கும்போது ஓரத்தில் மின்னல் வெட்டி, பிறகு பார்வையின் ஒரு கோடியில் நிழல் படியத் தொடங்குமானால், விழித்திரை தன் இடத்தை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வலி இல்லை, கண் சிவப்பதில்லை, நீரும் வடிவதில்லை. இந்நோயின் பொல்லாத்தனமே அதுதான். வலித்தால் அன்றே வைத்தியரிடம் ஓடுகிறவர், வலிக்காத காரணத்தால், அறுப்பு முடியட்டும், பண்டிகை கழியட்டும் என்று நாளைக் கடத்திவிடுகிறார்.

கண்ணின் உட்சுவரில் படர்ந்திருக்கும் விழித்திரை, அரை மில்லிமீட்டர் கனமும் இல்லாத நரம்புப் படலம். அதில் ஒளியை உணரும் 12 கோடி அளவிலான அணுக்களுக்கு, பிராணவாயுவும் ஆகாரமும் அடியிலுள்ள ரத்த நாளப் படலத்திலிருந்தே வருகின்றன. கண்ணின் நடுவிடத்தை நிரப்பி நிற்பதோ, இளநுங்கின் சதை போலத் தெளிந்த குழைமம். வயது ஏற ஏற அது நீர்த்துச் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுகிறது. பலருக்கு இது தீங்கின்றி நடந்துவிடும். சிலருக்கு மட்டும், ஓரிடத்தில் பிடியை விடாமல் இழுத்துப் படலத்தைக் கிழித்துவிடும். கிழிசல் வழியே நீர் உட்புகுந்து படலத்தைப் பெயர்க்க, பெயர்ந்த பகுதி ஆகாரமற்று வாடுகிறது. சோடாப்புட்டிக் கண்ணாடி போடுகிறவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் ஆகியோருக்கு இந்த அபாயம் அதிகம். நீரிழிவு முற்றியவர்களுக்குக் கிழிசல் இல்லாமலே தழும்புத் திசு விழித்திரையை இழுத்துப் பெயர்ப்பதும் உண்டு; அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, விழித்திரை கழன்றவர் கண் இழந்தவரே. இரு கண்களையும் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதும், ஊசியிட்டு நீரை வடிப்பதுமாக வைத்தியர்கள் பட்ட பிரயாசையெல்லாம் அநேகமாக வீணாயிற்று. ஸ்விட்ஸர்லாந்தின் லோசான் நகரத்தில் கண் வைத்தியராக இருந்த ஜூல் கோனேன் (1870–1935) என்பவர்தான், கிழிசல் என்பது நோயின் விளைவன்று, அதுவே மூலகாரணம் என்று உறுதியாகப் பற்றிக்கொண்டு, அதை அடைக்காமல் வேறெதைச் செய்தும் பயனில்லை என்று வாதித்தவர். கிழிசல் இருக்குமிடத்துக்கு நேராகக் கண்ணின் வெளிச்சுவரில் சிறு துளையிட்டு, காய்ச்சிய கருவியால் உள்ளே சுட்டு, உண்டாகும் தழும்பினால் கிழிசலை மூடச் செய்தார். சுடுவது எளிது, சுட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். நோயாளியின் கண்ணைப் பலமுறை பொறுமையாகப் பரிசோதித்துக் கிழிசலின் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்வதிலேதான் அவருடைய திறமை இருந்தது. அதைக் கைக்கொள்ளாமல் சூட்டை மட்டும் கைக்கொண்டவர்கள் தோற்று, முறையையே பழித்தார்கள். 1929-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேசக் கண் வைத்திய மாநாட்டில்தான் அவருடைய கொள்கை உலகத்தின் அங்கீகாரம் பெற்றது.

தேடுவதற்கு ஏற்ற கருவியைப் பின்னர் தந்தவர் பெல்ஜியம் நாட்டில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய சார்லஸ் ஷெப்பன்ஸ். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்த பின், வைத்தியர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையை ஏந்திக் குனிந்து பார்ப்பாரே, அந்த முறை அவருடையது. அதில் விழித்திரை தலைகீழாகத் தெரியும். ஆகவே படம் வரையும் தாளையும் நோயாளியின் மார்பின்மேல் தலைகீழாக வைத்து, ஒட்டியிருக்கும் பகுதியைச் சிவப்பிலும், கழன்றதை நீலத்திலும், கிழிசலை நீலக்கரையிட்ட சிவப்பிலும் தீட்டுவது மரபு. சென்னையில் 1978-இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத், ஷெப்பன்ஸிடம் பயின்றவர்.

சுடும் கருவியின் இடத்தைப் பிற்பாடு ஒளி பிடித்துக்கொண்டது. 1945-ஆம் வருஷத்துச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை வெந்தவரின் தழும்பைக் கண்ட ஜெர்மானிய வைத்தியர் கெர்ட் மாயர்-ஷ்விக்கெராத், அதே சூட்டைக் கிழிசலைச் சுற்றிப் பாய்ச்சினால் என்ன என்று யோசித்து, 1949-இல் ஹாம்பர்க்கில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிக் கண்ணுக்குள் விட்டார். மேகம் மறைத்த நாளில் சிகிச்சை இல்லை! இன்றைய லேசருக்கு இதுவே முன்னோடி.

கிழிசல் மட்டும் இருக்கையில் வந்துவிட்டால், அதைச் சுற்றி லேசர் பாய்ச்சி அன்றே வீடு திரும்பலாம். கழன்ற பின் வந்தவருக்கு, வெளியே சிலிக்கோன் பட்டையைத் தைத்தோ, உள்ளேயிருக்கும் குழைமத்தை நீக்கி வாயுவை நிரப்பியோ படலத்தைச் சுவரோடு சேர்க்கிறார்கள். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு முதல் அறுவையிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் மட்டும் பார்வை முழுதும் மீளும் என்பதில்லை. எழுத்தை வாசிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவுகிற நடுப்புள்ளி கழலாமல் இருந்ததா என்பதைப் பொறுத்தது அது. மேற்பகுதியில் கழன்ற படலத்தில் நீர் கீழ்நோக்கி இறங்கி நடுப்புள்ளியை விரைவில் எட்டிவிடும். அத்தகையவருக்கு நிழல் கீழிருந்து எழும்புவதாகத் தெரியும். ஆதலால் கீழிருந்து நிழல் ஏறுகிறது என்கிறவரை மறுநாள் வரச் சொல்வதில்லை. வாயு நிரப்பியவரைச் சில நாள் குப்புறப் படுக்கச் சொல்வதுண்டு. வாயு கரையும் வரை அவர் விமானம் ஏறக்கூடாது, ஊட்டி கொடைக்கானல் பக்கமும் போகக்கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணை நெருக்கிவிடும். பத்தில் ஒருவருக்கு இரண்டாவது கண்ணும் கழல்வதால், நோயாளி வேண்டாமென்று சலித்துக்கொண்டாலும், வைத்தியர் அந்தக் கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டுத் தேடியே அனுப்புகிறார்.