காற்றில் தைத்த சட்டை

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊர் வழியாகத் திகம்பரச் சமண முனிவர்கள் நடந்து போனார்கள். விடியற்காலை, நல்ல பனி. நான் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிறேன். அவர்கள் உடம்பில் ஒரு நூல் இல்லை. தியானத்தால் சூடு கிளப்புகிறார்களா?" கூடவே ஒரு காணொளியும் அனுப்பியிருக்கிறார். ஆடையின்றிக் காட்டில் உட்கார்ந்தால் மயிர்க்கால் வழியே பிராணசக்தி பாயும் என்று அதில் ஒரு வெள்ளைக்கார குரு சத்தியம் செய்கிறார்.

குருவை முதலில் அனுப்பிவிடுவோம். காற்றிலிருந்து நம் தோல் நேரடியாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அதன் மேலடுக்கில் அரை மில்லிமீட்டருக்குக்கூடப் போதாது. அதற்கு வேட்டியை அவிழ்க்க வேண்டியதில்லை.

சூடு கிளப்பும் கதையில் கொஞ்சம் உண்மை உண்டு. ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் திபெத்தியத் துறவிகள் மூவரை அளந்து, விரல்களின் வெப்பம் 8.3 டிகிரி வரை ஏறியதாக 1982இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆனால் விரல் சூடானால் உடல் முழுவதும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சூடான விரல் வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியே இறைக்கும். தவிர, அது திபெத்திய மூச்சுப் பயிற்சி, சமணருடையது அல்ல.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். திக் என்றால் திசை, அம்பரம் என்றால் ஆடை. திசைகளையே உடுத்தவர் திகம்பரர். அழகான உருவகம் என்றுதான் நினைத்திருந்தேன். இயற்பியலில் அது கிட்டத்தட்ட நேர்ப்பொருள்.

சும்மா இருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதுபோல. தோலைத் தொட்ட காற்று சூடாகி, இலேசாகி, உடம்பை ஒட்டியபடி மேலே ஏறும். கணுக்காலில் மெல்லிய ஏடாகத் தொடங்கி, போகப்போகத் தடித்து, முகத்தருகே பல சென்டிமீட்டர் பருமனாகி, விநாடிக்குக் கால் மீட்டர் அளவு வேகத்தில் உச்சந்தலையைத் தாண்டிப் போகும். ஒளிவிலகலைப் படமெடுக்கும் கேமராவில் பார்த்தால் ஒவ்வொரு மனிதரும் தலைக்கு மேல் புகைபோக்கி வைத்தவர்போலத் தெரிவார். இந்தக் காற்றுதான் அவர்கள் சட்டை: கால்பக்கம் இறுக்கம், கழுத்துப்பக்கம் தொளதொளப்பு. தையல்காரருக்குத் தெரிந்தால் கோபிப்பார். அளவு எடுக்க வேண்டாம், துவைக்க வேண்டாம். விநாடிக்கு விநாடி புதுத்துணி. பை மட்டும் கிடையாது. உடைமையே வேண்டாம் என்று விரதம் பூண்டவர்களுக்குப் பை எதற்கு?

ஆடையின் கதகதப்பை அளக்க 1941இல் மூன்று ஆய்வாளர்கள் 'குளோ' என்று ஓர் அலகு வைத்தார்கள். கோட்டு சூட்டு போட்டால் ஏறக்குறைய 1 குளோ. கோடைக்கால மெல்லுடைக்கு 0.5. அசையாத காற்றில் வெற்றுடம்பாக நிற்பவரைச் சுற்றியுள்ள காற்றுக்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 0.7! நம் அரைக்கைச் சட்டையைவிடக் கனமான சட்டை. கம்பளியும் இதே வித்தையைத்தான் செய்கிறது, காற்றைச் சிறைபிடித்து.

சிக்கல் என்னவென்றால் இந்தச் சட்டை சட்டென்று கிழியும். சைக்கிளில் போகும் வேகத்துக்குக் காற்று வீசினால் அதன் கதகதப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் அசையாமல் நிற்பதே இதை உடுத்தும் முறை. சமணரின் காயோத்சர்க்கம் என்ற நின்ற நிலைத் தியானம் அச்சு அசல் அதுதான். 10ஆம் நூற்றாண்டில் சாவுண்டராயர் சிரவணபெளகொளாவில் எழுப்பிய, அப்படித் தியானத்தில் நிற்கும் பாகுபலியின் 57 அடிச் சிலையில் கைகால்களில் கொடி படர்ந்திருப்பது அவர் அசையாததற்குச் சாட்சி. சமண முனிவர் விசிறிக்கொள்வதும் இல்லை. காற்றையே உடலாகக் கொண்ட உயிர்களுக்கு அது ஊறு என்பது அவர்கள் கொள்கை. சட்டையைக் காப்பாற்றத்தான் விசிறியை விட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு பொருந்துகிறது.

எல்லாக் குளிரையும் இது தடுக்காது. அமைதியான அறையில் வெற்றுடம்பு இழக்கும் வெப்பத்தில் சுமார் 60 சதவீதம் கதிர்வீச்சாகப் போகிறது. காற்றுச் சட்டை அதை மறிக்காது. மேகமற்ற இரவு வானம் அதை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவது குறைவு. மேலே மரக்கிளையோ பாறைக்கூரையோ இருந்தால் கொஞ்சம் திரும்பி வரும். சமண முனிவர்கள் தங்கிய சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் பாறைக்கூரைக்குக் கீழே 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. கூரை நல்லது, படுக்கைதான் மோசம்: கருங்கல் காற்றைவிட நூறு மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும், படுத்ததும் முதுகுப்பக்கச் சட்டை போயிற்று.

வெற்றுடம்பில் காற்று வாங்கும் வைத்தியத்தின் வரலாற்றையும் சொல்லாமல் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். ஐரோப்பாவில் அர்னால்ட் ரிக்ளி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1850களில் இன்றைய ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரிக்கரையில் காற்றுக்குளியல், வெயில்குளியல் வைத்தியம் நடத்தினார். மருத்துவம் படித்தவர் அல்ல. பிறகு ஜெர்மனியில் அது இயக்கமானது. ஆன்மிகமும் விடுதிக் கட்டணமும் ஒட்டிக்கொண்டன. போதும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஐரோப்பியர்களுக்கு அம்மணம் இன்பம். சமண நூலான தத்துவார்த்த சூத்திரமோ துறவி பொறுக்க வேண்டிய 22 இடர்களில் ஒன்றாக நிர்வாணத்தைச் சேர்த்திருக்கிறது, குளிருக்கும் வெயிலுக்கும் பக்கத்தில். ஆகவே வாசகருக்கு என் பதில்: குளிரும். நீங்கள் நினைக்கும் அளவு அல்ல, அவ்வளவுதான். ஆடையில்லாத உடல் சிரமமின்றி இருக்க 28 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் ஊரில் அது ஆண்டின் பெரும்பகுதி இலவசம். மார்கழி விடியலில் கிடையாது.

சோதித்துப் பார்க்க முனிவராக வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு முழங்கைவரை திறந்து, பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். பிறகு கையை ஒரு வீசு வீசுங்கள். சில்லென்று படுவது சட்டை கிழிந்த இடம். கொசுவலைக்குள் உட்காருவது நல்லது: வியர்வை வாசமும் வெதுவெதுப்பும் அந்தக் காற்றோடுதான் பரவுகின்றன, கொசு அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. கொசுக்கடியும் அந்த 22இல் ஒன்று.