கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறிகளுக்கு நூல் ஏற்றிப் போவதும், நெய்த லுங்கியைக் கட்டுக் கட்டாக ஏற்றி வருவதும் பெரும்பாலும் வயதான வண்டிகள்தாம். 1984-இல் அறிமுகமாகி 2019-இல் தயாரிப்பு நின்றுபோன மாருதி ஓம்னி, 1986-இல் வந்த டாடா 407, கரும்புக் காலத்தில் டிராக்டர்கள். இந்த வண்டிகள் பட்டறைக்கு வரும்போது ஓட்டுநர் வாயிலிருந்து அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: “கியர் விழ மாட்டேங்குது.” பதிலும் பல இடங்களில் தயாராக இருக்கிறது: “பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்.”

இறக்குவதில்தான் செலவே. பிளேட்டின் விலையைவிடச் சில வண்டிகளில் இறக்கி ஏற்றும் கூலி கணிசம். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகையும் போச்சு. ஆனால் கோளாறு கிளட்சிலா, அதை இயக்கும் கேபிளிலா, உண்மையிலேயே கியர் பாக்ஸிலா என்பதை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுழல்வது ஃப்ளைவீல். அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கிய பிரஷர் பிளேட்டும் கூடவே சுழலும். இரண்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட். இது கியர் பாக்ஸிலிருந்து நீண்டு வரும் தண்டின் பற்களில் கோத்திருக்கிறது. பெடலை மிதிக்காத வரை பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். உராய்வினால் மூன்றும் ஒன்றாகச் சுழலும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே போய் ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும், பிடி விடும், பிளேட் தனியாக நிற்கும்.

ஆகவே கிளட்ச் இரண்டு விதமாகத்தான் கெட முடியும். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்கலாம். விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கலாம். முதலாவது ‘சிலிப் அடிக்குது’ என்று எல்லாருக்கும் தெரிந்த நோய். இரண்டாவதைத்தான் பலர் கியர் பாக்ஸின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

முதல் சோதனை மிக எளியது. இன்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். எல்லாமே வழுவழுவென்று விழுகிறதா? இப்போது இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். நிறுத்தியிருக்கும்போது விழுந்த கியர், ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் குற்றவாளி கிளட்ச்தான். உள்ளே பற்களும் ஃபோர்க்குகளும் ஒழுங்காக இருப்பதால்தான் நின்ற வண்டியில் கியர் விழுந்தது.

இதை உறுதி செய்ய ரிவர்ஸ் கியர் இருக்கிறது. பழைய வண்டிகளில் முன்னோக்கிய கியர்களுக்குப் பித்தளையில் ‘சிங்க்ரோ ரிங்’ இருக்கும். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்த ஏற்பாடு இது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே பற்களைச் சேரவிடும். அதற்கு முந்தைய காலத்து லாரி ஓட்டுநர்கள் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதித்து இந்த வேலையைத் தாங்களே செய்தார்கள். ரிவர்ஸுக்கு மட்டும் பெரும்பாலான பழைய வண்டிகளில் இந்த வளையம் கிடையாது. அதுவே நமக்கு வசதி. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க, கிளட்சை முழுக்க மிதித்து நாலைந்து விநாடி பொறுங்கள். பிளேட் முழுதாக விடுபட்டிருந்தால் அதற்குள் உள்ளே சுழற்சி நின்றிருக்கும். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். ‘கர்ர்’ என்று பல் கடித்தால் பிளேட் இன்னும் சுழல்கிறது, கிளட்ச் விடவில்லை.

விடாத கிளட்சோடு மாதக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும்? பித்தளை வளையம் ஒரு சின்னத் தண்டின் வேகத்தை மாற்றத்தான் செய்யப்பட்டது. கிளட்ச் விடாதபோது அது முழு இன்ஜினோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. தேயாமல் என்ன செய்யும்? கேபிளில் தொடங்கிய சின்னக் கோளாறு, கடைசியில் உண்மையாகவே கியர் பாக்ஸ் செலவாக முடிவது இப்படித்தான்.

அந்தக் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஓம்னி, மாருதி 800 போன்ற கேபிள் வண்டிகளில் பாதிப் பிரச்சினை அதன் நீளத்தைச் சரிசெய்யும் ஒரு நட்டில் இருக்கிறது. பெடலைக் காலால் அல்லாமல் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முதலில் எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் போகும். பிறகு சட்டென்று கனக்கும். அந்த வெற்று இடைவெளிக்குப் பட்டறையில் ‘ஃப்ரீ பிளே’ என்று பெயர். வண்டிக்கு வண்டி மாறினாலும் கேபிள் வண்டிகளில் ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். கேபிள் நீண்டு இந்த இடைவெளி அதிகமானால், பெடலைத் தரைவரை மிதித்தாலும் பேரிங் போதிய தூரம் தள்ளாது, கிளட்ச் விடாது, கியர் விழாது. இது எல்லாருக்கும் எளிதில் புரியும்.

புரியாதது இதன் மறுபக்கம். கிளட்ச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகரும். அப்போது ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்த்திசையில் வெளியே வந்து பேரிங்கை நெருங்கும். அதாவது பிளேட் தேய்ந்தால் ஃப்ரீ பிளே குறையும். ஒருநாள் அது பூஜ்யமாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் பெடலில் கால் வைக்காவிட்டாலும் பேரிங் விரல்களைத் தொட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கும், யாரோ நிரந்தரமாக அரைக் கிளட்சில் ஓட்டுவதைப்போல. பிடி தளரும், சிலிப் அடிக்கும், சூடேறி மிச்ச பிளேட்டும் வேகமாகக் கரையும். உரிய நேரத்தில் அந்த நட்டை ஸ்பேனரால் சில சுற்று தளர்த்தியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும் பிளேட் அது. ஆகவே சிலிப் என்றவுடன் பிளேட் மாற்றச் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஃப்ரீ பிளே எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கேபிள் இல்லை. மாஸ்டர் சிலிண்டரும் ஸ்லேவ் சிலிண்டரும் உண்டு. இங்கே சோதனை வேறு. ஒரு மிதியில் விழாத கியர், பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் விழுகிறதா? அப்படியானால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது. டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்கள், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாஷர் கிட் மாற்றி ஏர் எடுத்தால் தீரும் நோய் இது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுவோர் உண்டு. பிரேக் ஆயிலுக்கென்று செய்த அந்த ரப்பர், இன்ஜின் ஆயிலில் ஊறி உப்பிவிடும். பிறகு எல்லா வாஷரையும் மாற்ற வேண்டும்.

சிலிப்பை உறுதி செய்ய, காலியான சமதளச் சாலையில் டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி வண்டி பின்தங்கினால் பிளேட் வழுக்குகிறது. கருகிய வாடையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு சோதனையும் பிளேட்டைக் கொஞ்சம் தின்கிறது.

வழுக்கலின் சூடு எவ்வளவு என்பதைத் திருத்தணி மலைப்பாதையை வைத்துக் கணக்குப் போடலாம். மேலே கோயில் வரை வண்டி போகிறது. கிருத்திகைக் கூட்டத்தில் ஏற்றத்தில் வரிசை நின்றுவிட்டால், ஹேண்ட் பிரேக் போடாமல் அரைக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவது நம்மவர்களுக்கு ஒரு பெருமை. ஆளும் பாரமுமாக 1,200 கிலோ எடையுள்ள வேன், பத்துக்கு ஒன்று ஏற்றம், இன்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிளட்சில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 வாட் வரை சூடாக இறங்கும். இரண்டு மூன்று இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் கிளட்ச் கூட்டுக்குள் வைத்து மூடியதற்குச் சமம். வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை! இரண்டாம் கியரில் வண்டியைக் கிளப்பும் பழக்கமும் இப்படித்தான்: முதல் கியரோடு ஒப்பிட்டால் பிளேட்டில் இறங்கும் சூடு சுமார் மூன்று மடங்கு.

எண்ணெய் பட்டும் பிளேட் வழுக்கும். கிளப்பும்போது வண்டி உதறும். கிளட்ச் கூட்டின் அடியில் பல வண்டிகளில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கே விரல் வைத்துப் பாருங்கள். கறுத்து நீர்த்திருந்தால் இன்ஜின் ஆயில். பின்பக்க ஆயில் சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். சீலை விட்டுவிட்டுப் புது பிளேட் மட்டும் போட்டால் அதுவும் நனைந்து வீணாகும்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு காரணம் தண்ணீர். ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கும். நீரில் நின்ற வண்டியை அப்படியே சில வாரம் போட்டுவைத்தால், ஃப்ளைவீலின் துருவோடு பிளேட் ஒட்டிக்கொள்ளும். பெடல், கேபிள் எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் விடவே விடாது. தண்ணீரில் இறங்கிய வண்டியை ஓட்டும் நிலையில் இருந்தால் அன்றே கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைச் சில முறை மிதித்து விட்டு, காயவைத்து நிறுத்துவது நல்லது.

சரி, கியர் பாக்ஸே குற்றவாளி என்று எப்போது சொல்லலாம்? ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால். மற்றவை ஒழுங்காக விழுந்து, இரண்டாம் கியர் மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் கெட்டிருந்தால் எல்லாக் கியரும் முரண்டு பிடிக்க வேண்டும். போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவதும் பாக்ஸின் வேலைதான், அல்லது பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் ரப்பரின் வேலை. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மலையிலிருந்து இரண்டாம் கியரின் பிடிப்பை நம்பி இறங்கும்போது அது கழன்றால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். இன்ஜினை நிறுத்தினாலும் எந்தக் கியரும் விழவில்லை என்றால், லிவருக்கும் பாக்ஸுக்கும் நடுவே உள்ள லிங்கேஜ், புஷ் ஆகியவற்றையும் கியர் ஆயில் அளவையும் முதலில் பாருங்கள்.

சத்தமும் சாட்சி சொல்லும். நியூட்ரலில் ஓடும்போது வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றுபோனால் கியர் பாக்ஸின் முன்தண்டு பேரிங். மிதித்தால் மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங்.

இத்தனையும் பார்த்த பிறகு இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இறக்குங்கள். ஒரே கூலியில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுவது லாபம். கூட்டுக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம், நுரையீரலுக்கு அது ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் அரை மில்லிமீட்டர்கூட மிஞ்சாமல் சீராகத் தேய்ந்திருந்தால் அது தன் ஆயுளை முடித்திருக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய்ப் பசை மினுங்கினால் புது சீல் போட்டாயிற்றா என்று அங்கேயே கேளுங்கள். கனமாக, காய்ந்து, கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தால், வண்டியை ஏற்றிக் கட்டுவதற்கு முன் கேபிளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.